ஊர்க் கணக்கும் பஸ் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

புது மினி பஸ் திட்டம், வரப்போகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னோம், கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசி ஒரே மாதிரிதான்: எங்கள் ஊருக்கு பஸ் இல்லை, யாரைப் போய்க் கேட்பது? ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்தார்கள், அதனால் எல்லோருக்கும் மாவட்டம் மட்டும்.

கேள்வி: 2011 சென்சஸ் புத்தகத்தில் எங்கள் கிராமத்துக்கு நேராக அரசு பஸ் வசதி "உண்டு" என்று இருக்கிறது. நாங்கள் இருக்கும் இடத்துக்கு இன்றுவரை பஸ் வந்ததில்லை. கூட்டு ரோடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறோம். பொய்யாக எழுதிவிட்டார்களா? (வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பொய் எழுதவில்லை ஐயா. அவர்கள் கணக்கில் இருக்கிற கிராமம் உங்கள் தெருவைவிட ரொம்பப் பெரியது, அவ்வளவுதான். சென்சஸ்காரர்கள் எடுத்துக்கொள்ளும் அலகு வருவாய்க் கிராமம். வி.ஏ.ஓ. கையில் இருக்கும் கிராமக் கணக்குகளும் புல வரைபடமும் எந்த எல்லைக்கு இருக்கின்றனவோ அந்த எல்லை. அதற்குள்ளே ஒரு தாய்க்கிராமம் இருக்கும், வயல் தாண்டி, ஏரிக்கரை தாண்டி, ஓடை தாண்டி நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி வருவாய்க் கிராமங்கள் ஏறத்தாழ 16 ஆயிரம். ஊராட்சிகள் 12,500-க்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஊரக வளர்ச்சித் துறை கணக்கில் குக்கிராமங்கள் 79 ஆயிரத்துக்கும் மேல். அப்படியென்றால் சராசரியாக ஒரு வருவாய்க் கிராமத்துக்கு ஐந்து குடியிருப்புகள். அந்த ஐந்தில் ஒன்றை பஸ் தொட்டுவிட்டுப் போனாலும் புத்தகத்தில் ஐந்துக்கும் சேர்த்து "உண்டு" என்று விழுந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. "உண்டு" என்ற அந்தக் கட்டத்தில் எத்தனை நடை, எத்தனை மணிக்கு என்ற பேச்சே கிடையாது. காலையில் ஒரு நடை வந்து, அதுவும் ஞாயிற்றுக்கிழமை வராமல் போனாலும் உண்டுதான், அரை மணிக்கு ஒன்று வந்தாலும் உண்டுதான். வசதி இல்லாத ஊருக்கு எவ்வளவு தூரத்தில் அது கிடைக்கும் என்பதையும் மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஏ, ஐந்திலிருந்து பத்து வரை பி, பத்துக்கு மேல் போனால் சி. பதினோரு கிலோமீட்டரும் சி, நாற்பது கிலோமீட்டரும் சி. மலை இறங்கி வருகிறவனுக்கும் சமவெளியில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கும் ஒரே எழுத்து.

இதனால் சென்சஸ் புத்தகமே வீண் என்று தூக்கிப்போட வேண்டாம். தார் ரோடு, கப்பி ரோடு, எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை, ரயில் நிலையம், ஆட்டோ, வேன், டிராக்டர், மாட்டு வண்டி என்று தனித்தனிக் கட்டங்கள் அதில் இருக்கின்றன. அதையெல்லாம் ஒருமுறை பாருங்கள். ஆனால் மனு எழுதும்போது கிராமத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குக்கிராமத்தின் பெயர், தாய்க்கிராமத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் குடியிருப்பு எவ்வளவு தூரம், நடுவில் ரோடு என்ன நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மனுவைப் பார்க்கிற அலுவலர் பட்டியலைத் திறப்பார், "ஏற்கெனவே பஸ் வசதி உள்ளது" என்று பதில் வரும், விஷயம் முடிந்துபோகும். இப்படி முடிந்துபோன மனுக்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன.

கேள்வி: அப்படியானால் எங்கள் குக்கிராமத்தையே தனிக் கிராமமாக அறிவிக்கச் சொல்லி, அடுத்த சென்சஸில் தனியாக வரவைக்க முடியாதா? (அதே வாசகர்)

இந்த முறை முடியாது. கணக்கெடுப்பு நடக்கும்போது எல்லைகள் மாறிக்கொண்டிருந்தால் எண்ணுவதே குழம்பிவிடும், அதனால் 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கிராமத்தைப் பிரித்தால்தான் பஸ் வரும் என்பதும் கிடையாது. பஸ் விடுகிறவர்கள் வருவாய்க் கிராம எல்லையைப் பார்த்து பஸ் விடுவதில்லை.

கேள்வி: எங்கள் ஊரின் மக்கள்தொகையை எங்கே பார்ப்பது? பார்த்தால் என்ன புரிந்துகொள்வது? (கல்லூரி மாணவி, சிவகங்கை மாவட்டம்)

சென்சஸ் துறையின் இணையதளத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பாகம். ஏ பாகத்தில் ஊருக்கு ஊர் என்னென்ன வசதி என்ற பட்டியல். பி பாகத்தில் வீடுகள் எத்தனை, ஆண் பெண் எத்தனை, ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வேலை செய்கிறவர்கள் என்று ஆள் கணக்கு. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஒரே பெயரில் ஒரே வட்டத்தில் இரண்டு மூன்று ஊர் இருப்பது நம் பக்கத்தில் சகஜம்.

புரிந்துகொள்வதில் எல்லோரும் சறுக்குகிற இடம் எழுத்தறிவு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையை ஊரின் மொத்த எண்ணிக்கையால் வகுத்துவிட்டு, "எங்கள் ஊர் இவ்வளவு மோசமா" என்று வருத்தப்படுகிறார்கள். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்துத்தான் அந்த விகிதம் போடுவார்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுங்கள். அப்புறம் முழுநேர வேலையாட்கள், குறுவேலையாட்கள் என்று இரண்டு பிரிவு இருக்கும். வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை கிடைத்தவர் முதல் பிரிவு, அதற்குக் குறைவாகக் கிடைத்தவர் இரண்டாம் பிரிவு. உங்கள் மாவட்டம் மாதிரி வானம் பார்த்த பூமியில் இரண்டாம் பிரிவு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும், அதற்கு பஸ் வேண்டும்.

ஆண் பெண் விகிதத்தையும் விட்டுவிடாதீர்கள். 2011-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். நீலகிரியில் 1,042, தர்மபுரியில் 946. ஒரு கிராமத்தில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிப் போயிருந்தால் அதற்குப் பல காரணம் இருக்கலாம், ஆனால் பிழைக்கப் போன ஆண்கள் கணக்கில் விழவில்லையா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: என் மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, இளையவன் சிங்கப்பூரில். வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கணக்கெடுக்க வந்தால் நாலு பேர் என்று சொல்லலாமா? ரேஷன் கார்டில் நாலு பேரும் இருக்கிறோம். (வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

ரேஷன் கார்டுக்கும் சென்சஸுக்கும் சம்பந்தமே கிடையாது அம்மா. யார் எந்த ஊர் என்பது அங்கே கேள்வி இல்லை, எண்ணுகிற காலத்தில் யார் எங்கே தங்கியிருந்தார்கள் என்பதுதான் கேள்வி. போன முறை 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த நாட்களில் எப்போதாவது வீட்டில் தங்கியிருந்தால் வீட்டோடு சேர்த்துக்கொள்வார்கள். முழுக்க முழுக்க வெளியூரிலேயே இருந்தவரை அந்த வெளியூரில் எண்ணுவார்கள். வெளிநாட்டில் இருந்தவரை எங்குமே எண்ண மாட்டார்கள். ஆக, மூத்தவர் திருப்பூர்க் கணக்கில் போய்விடுவார், இளையவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். உங்கள் வீட்டில் இரண்டு பேர்.

2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஆம் தேதி பிறக்கிற நள்ளிரவைக் கணக்கு நேரமாக வைத்து நடத்துகிறார்கள். வீடுகளைப் பட்டியலிடுவது 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள், மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு முப்பது நாட்களில். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். தாளுக்குப் பதில் மொபைல் செயலி, விருப்பமிருந்தால் நாமே விவரத்தைப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு, சாதியும் கேட்பார்கள்.

இதில் ஊருக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பொங்கல், திருவிழா, தேர்தல் என்றால் உங்கள் ஊரில் நிற்க இடமிருக்காது. பிப்ரவரியிலோ பாதி வீடு பூட்டிக் கிடக்கும். எண்ணுவது பிப்ரவரியில். பஸ்ஸுக்கோ ரோட்டுக்கோ "உங்கள் ஊரில் எத்தனை பேர்" என்று யாராவது கேட்டால் அந்தப் பிப்ரவரிக் கணக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதிலும் இன்றைக்குப் பேசுகிற திட்டங்களுக்குக்கூட இன்னும் 2011 கணக்குதான் அளவுகோல். அந்தக் கணக்கெடுப்பில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள்.

கேள்வி: 500 பேர் இருந்தால்தான் தார் ரோடு என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் நானூறு பேர்கூடத் தேற மாட்டோம். எங்களுக்கு ரோடே கிடையாதா? (வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்)

அந்த 500 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி மத்திய அரசு பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேருக்கு மேல், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்கு ஒரு நல்ல சாலை என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் செலவு முழுக்க மத்திய அரசுடையது, இப்போது பெரும்பாலான மாநிலங்களுக்கு 60-க்கு 40. 2024 செப்டம்பரில் நாலாம் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்: 25 ஆயிரம் குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய், 2028-29 வரைக்கும். அதிலும் சமவெளிக்கு அதே 500-தான், 2011 கணக்கை வைத்து.

ஆனால் 500 என்பதை வருவாய்க் கிராமத்துக்கோ ஊராட்சிக்கோ பார்ப்பதில்லை, குடியிருப்புக்குப் பார்க்கிறார்கள். முதல் கேள்வியில் சொன்னது இங்கே தலைகீழாகிறது, கவனியுங்கள். பஸ் "உண்டு" என்று எழுதும்போது மொத்த கிராமமும் ஒன்று, ரோடு போட ஆள் எண்ணும்போது குக்கிராமம் தனி. இரண்டு பக்கமும் அடி வாங்குவது குக்கிராமத்துக்காரர்தான். இதில் ஒரே ஆறுதல், 500 மீட்டர் சுற்றுக்குள் இருக்கிற குடியிருப்புகளின் ஆள் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வழி வைத்திருந்தார்கள். மலைப் பகுதியில் அது பாதை வழியாக ஒன்றரை கிலோமீட்டர். ஓடைக்கு அந்தப் பக்கம் உங்கள் பங்காளிகள் நூற்றைம்பது பேர் இருந்தால் சேர்ந்து கேளுங்கள். வரப்புத் தகராறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கொக்கி, "இணைக்கப்படாத குடியிருப்பு" யார் என்பதில் இருக்கிறது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைந்த குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நானூறு மீட்டர் சேற்றில் நடந்தால் காகிதத்தில் நீங்கள் இணைக்கப்பட்டவர். ஒரு சாலை கிடைத்துவிட்டால் அடுத்தது கேட்க முடியாது, அது நேரே சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகாமல் பத்து கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் சரி.

அப்படியானால் நானூறு பேருக்கு என்ன வழி? தமிழ்நாட்டில் இதற்கு மாநிலத் திட்டங்கள்தான் கைகொடுக்கும், முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் ஊராட்சி, ஒன்றியச் சாலைகளுக்காகவே இருக்கிறது. மனு போடுமுன் உங்கள் ரோடு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம். மாவட்ட இதர சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசைக்கு மேசை நகர்ந்தே ஒரு வருஷம் ஓட்டிவிடும்.

கேள்வி: ரோடு நன்றாக இருக்கிறது. டவுன் பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. "கலெக்‌ஷன் இல்லை" என்று சொல்லி மதிய நடையை நிறுத்தி, இப்போது ராத்திரி நடையையும் நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு இலவசம் என்பதால்தான் வருமானம் இல்லை என்று கண்டக்டரே சொல்கிறார். மினி பஸ் கேட்கலாமா? (பல வாசகர்கள்: மதுரை, விழுப்புரம், கரூர், தென்காசி மாவட்டங்கள்)

இலவசத்தால் நஷ்டம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 2021 மே 7-ஆம் தேதி கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்த திட்டம் அது, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தக் கட்டணத்துக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. ஏறுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுப்பது அந்தக் கணக்குக்காகத்தான். ஆகவே அக்காமார்களே, சும்மா உட்காருங்கள் என்று கண்டக்டர் சொன்னாலும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு கிழிக்காவிட்டால் அந்த நடையில் நீங்கள் ஏறியதற்கே ஆதாரம் கிடையாது, நாளைக்கு அந்த நடையில் ஆளே இல்லை என்று எழுத வசதியாகிவிடும்.

நடையை நிறுத்துவதற்கு வசூல் ஒரு காரணம்தான். டிரைவர் கண்டக்டர் பற்றாக்குறை, வண்டிப் பற்றாக்குறை, இருக்கிற வண்டியைக் கூட்டமான தடத்துக்குத் திருப்பிவிடுவது, இவையும் உண்டு. எந்தக் காரணம் என்று தெரியாமல் மறியல் செய்தால் அன்றைக்கு ஒரு நாள் பஸ் வரும், தாசில்தார் வந்து பேசுவார், அடுத்த வாரம் பழைய கதைதான்.

மினி பஸ்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1997-ல் முதலில் வந்தது, பல தடங்களில் நாளடைவில் நின்றும் போனது. புதிய விரிவான மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16-ஆம் தேதி தஞ்சாவூரில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். (சென்சஸ் அறிவிக்கை மத்திய அரசிதழில் வெளியானதும் அதே நாள்தான். ஆளை எண்ணுவதும் ஆளை ஏற்றுவதும் ஒரே தேதியில் அறிவிப்பாகியிருக்கிறது!) ஒரு தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். முழு 25 எடுத்துக்கொண்டால் பதினாறே கால் கிலோமீட்டர் பஸ் பார்க்காத ரோடு, மீதியில் டவுன் பஸ் தடத்தில் ஏறி ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம்.

உங்களில் பலருக்கு இங்கேதான் சிக்கல். பெயருக்கு ஒரு அரசு பஸ் உங்கள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ரோடு "பஸ் ஓடும் பாதை" ஆகிவிடும், அந்த 65 சதவீதத்துக்குள் வராது. ஒரு நடை வருகிற ஊர், ஒரு நடையும் வராத ஊரைவிட மினி பஸ் கேட்பதில் பின்னால் நிற்கும். அதனால் உங்கள் ஊரை மட்டும் வைத்துத் தடம் கேட்காமல், பஸ்ஸே பார்க்காத பக்கத்துக் குக்கிராமங்கள் வழியாக வளைந்து வருகிற மாதிரி ஒரு பாதை போட்டுக் கேளுங்கள்.

கேட்கிற இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அனுமதி கொடுக்கிற வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர், ஆகவே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதும் வீண்போகாது. தடத்தைப் பார்க்க வரும்போது ரோட்டின் அகலம், சிறுபாலம் தாங்குமா, பஸ் திரும்ப இடம் இருக்கிறதா, மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒற்றை வழி கிராமச் சாலையின் அகலமே 3.75 மீட்டர்தான், பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாய்ந்து கிடந்தால் எதிரே வரும் டிராக்டர் எங்கே ஒதுங்கும்? அதிகாரி வருமுன் முள்ளை வெட்டிவிடுங்கள், கோயில் திடலிலோ பள்ளிக்கூடத்து முன்னாலோ வண்டி திரும்ப இடம் காட்டுங்கள். இது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிற வேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மினி பஸ் தனியாருடையது. பெண்களுக்கு இலவசம் அதில் செல்லாது, பிள்ளைகளின் இலவச பஸ் பாஸும் செல்லாது. தினம் கூலிக்குப் போய் வருகிற பெண்ணுக்கு மாதக் கடைசியில் அது சின்னத் தொகை இல்லை. அரசு பஸ் நடையை மீட்க முடிகிற ஊர் அதற்குத்தான் முதலில் முட்டி மோத வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: இப்போதுதான் வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறதே, கிராமத்துக்கு பஸ் எதற்கு? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

2011-ல் இந்தியாவில் 21 சதவீத வீடுகளில்தான் டூவீலர் இருந்தது, இப்போது நிச்சயம் கூடியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒரு பைக் என்றால் ஆளுக்கு ஒரு பைக் இல்லையே. காலை ஏழு மணிக்கு வீட்டு ஆம்பளை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்பும். அதன்பின் மாத்திரை வாங்கப் போகும் பாட்டிக்கு, ரேஷனுக்குப் போகும் அம்மாவுக்கு, டியூஷனுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த பைக் இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. பஸ் இல்லாததால் கடன் வாங்கி பைக் எடுத்த குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். அந்த மாதத் தவணைதான் அவர்கள் கட்டுகிற பஸ் டிக்கெட்.

இதில் சென்சஸின் குருட்டுப் புள்ளி ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று 2011-ல் கேட்டார்கள், நல்ல கேள்வி. ஆனால் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்கிறவர்கள் தவிர்த்த மற்ற வேலையாட்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி. விடிகாலையில் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு பக்கத்து ஊர் வயலுக்கு நடவுக்குப் போகிற பெண்களின் பயணம் எந்த அட்டவணையிலும் விழவில்லை.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். காலை பஸ் ஏழேகாலுக்கு வருகிறது, அதை விட்டால் பத்து மணிக்குத்தான். பள்ளி ஒன்பதரைக்கு. சைக்கிள் கொடுத்தார்கள், பதினொரு கிலோமீட்டர் மிதிக்க முடியவில்லை. (மாணவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

தம்பி, உங்கள் பிரச்சினைதான் இத்தனை கடிதங்களிலும் சுலபமாகத் தீரக்கூடியது, புது பஸ்ஸே வேண்டாம். பத்து மணி நடையை எட்டரைக்கு மாற்றினால் போதும். இப்படி நேரத்தை மாற்றுகிற பேச்சைக் போக்குவரத்துக் கழகத்தின் கிளை (டெப்போ) மேலாளரிடமிருந்தே தொடங்கலாம், சென்னை வரைக்கும் போக வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, அந்தத் தடத்திலிருந்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்த நிறுத்தம் என்று பள்ளி முத்திரையோடு ஒரு பட்டியல் வாங்குங்கள். பஸ் பாஸ் கொடுத்த விவரம் பள்ளியிலேயே இருக்கும். சாயங்காலமும் அதே மாதிரிப் பாருங்கள், பள்ளி விடுகிற நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புகிற பஸ் மாதிரி வயிற்றெரிச்சல் வேறில்லை. அதுவரைக்கும் படிக்கட்டில் தொங்க வேண்டாம்.

கேள்வி: மலைக் கிராமம். வனத்துறை ரோடு போட விடாது என்கிறார்கள். (வாசகர், தர்மபுரி மாவட்டம்)

உங்கள் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் கழுதை மேல் வாக்குப்பதிவு இயந்திரம் போகிற படத்தைப் பத்திரிகைகளில் எல்லோரும் ரசித்துப் பார்த்திருக்கிறோம். ஓட்டு வாங்க மலை ஏறுகிற அரசாங்கம் பிரசவத்துக்கு ஏறாதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வனத்துறை மட்டும் நினைத்தால் விடவும் முடியாது, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசு அனுமதி தேவை. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் என்று சில வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், இந்த நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகல ரோடு என்று வைத்தால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் வரும், ஓரம், வடிகால் எல்லாம் சேர்த்தால் இன்னும் குறையும். உங்கள் பாதையில் காட்டுக்குள் போகிற பகுதி மட்டும் எவ்வளவு என்று அளந்து பாருங்கள், மொத்த தூரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள்.

கேள்வி: கிராம சபையில் பஸ் கேட்டுத் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா? (பலர்)

பஸ் விட்டே ஆக வேண்டும் என்று யாரையும் அது கட்டாயப்படுத்தாது. ஆனால் தனி ஆள் மனுவைவிட எடை அதிகம், பின்னால் எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள்ள ஒரு காகிதம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூட்டம் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். குறைந்தால் கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லை. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "போக்குவரத்து வசதி மேம்படுத்தக் கோருதல்" என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி எழுதிவிடுவார்கள். தடம் எண், எந்த நிறுத்தம் வரைக்கும் நீட்டிக்க வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும், இது இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தடத்தில் எத்தனை நடை ஓட வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. கேட்டால் டெப்போவில் சொல்வதில்லை. (வாசகர், அரியலூர் மாவட்டம்)

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட போக்குவரத்துக் கழகக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் பஸ் விடவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தடம் எண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட நடைகள், ஒவ்வொன்றும் கிளம்பும் நேரம், கடந்த மூன்று மாதத்தில் நாள்வாரியாக இயக்கிய நடைகள், ரத்தான நடைகள், ரத்துக்குப் பதிவேட்டில் எழுதிய காரணம், அந்த நடைகளில் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டுகளின் எண்ணிக்கை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பதில் வந்ததும் ஒரு நகல் எங்களுக்கும் அனுப்புங்கள்.